நான்காம் நிலை மார்பகப் புற்றுநோயும் தாம்பத்தியமும்

வயது 42. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. லெட்ரோசோல் மாத்திரை, சினைப்பையை அடக்கி வைக்க மாதம் ஒரு ஊசி, இப்படித்தான் ஓடுகிறது. ஸ்கேன் என்ன சொன்னது, செலவு எவ்வளவு என்று கேட்காத ஆளில்லை. தாம்பத்தியம் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "உயிரோட இருந்தா போதாதா, இப்ப அதெல்லாம் எதுக்கு" என்றார் என் சித்தி. எனக்கு வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மருந்துகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ரொம்பவே குறைத்துவிடும். யோனி வறண்டு, உள்தோல் மெலிந்துவிடும். சேரும்போது எரிச்சல், ஒருமுறை ரத்தக் கசிவு. அப்புறம் என் கணவர் தள்ளிப் படுக்க ஆரம்பித்தார். ஆசை போய்விட்டதா என்று நேராகவே கேட்டேன். "இடுப்பெலும்புல இருக்குன்னு டாக்டர் சொன்னாங்களே, என் பாரம் பட்டு முறிஞ்சா நான் என்ன செய்வேன்" என்று அழுதுவிட்டார்.

அவர் பயப்பட்டதில் நியாயம் இருக்கிறது. வலி நிவாரணப் பிரிவு மருத்துவரிடம் இரண்டு பேருமாகப் போய்க் கேட்டோம். அவர் ஸ்கேனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். ஒருக்களித்துப் படுங்கள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை, இடுப்பில் பாரம் விழக் கூடாது. வலி மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, அசதி குறைந்த நேரமாகப் பார்த்து. எங்களுக்கு அது விடிகாலை. வறட்சிக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாய்ஸ்சரைசர் ஜெல், சேரும்போது தனியாக லூப்ரிகன்ட் என்ற வழுக்கும் ஜெல். ஈஸ்ட்ரோஜன் கிரீமை மட்டும் நாமாக மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாது. லெட்ரோசோல் எடுப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். பத்து நிமிடப் பேச்சு இது. சிகிச்சை தொடங்கிய அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

மார்பு எடுத்த பக்கத்துக்கு, தையற்காரம்மா ரவிக்கைக்குள் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்தார். பஞ்சு நகராமல் நிற்கிறது. விளக்கு எரியும்போது ரவிக்கையை இன்னும் கழற்றுவதில்லை. என் கணவரும் வற்புறுத்துவதில்லை.

பதில்

அக்கா, எனக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய், வயிற்றில் ஸ்டோமா பை, அதாவது கழிவு வெளியேற வயிற்றில் போட்ட துளையின் மேல் ஒட்டும் பை. முன்னாடியே பையைக் காலி செய்துவிட்டு, அதன்மேல் பருத்தித் துணிப்பட்டை கட்டிக்கொள்வேன். சரசரவென்று சத்தம் வராது, பையும் ஆடாது. கீமோ ஏறிய பிறகு சில நாளைக்கு ஆணுறை கட்டாயம், மருந்து உடம்பு நீரிலும் வரும் என்று நர்ஸ் சொன்னார். ரத்த அணுக்கள் இறங்கியிருக்கும் நாட்களில் கட்டிப்பிடித்துப் படுப்பதோடு சரி. அதுவே பெரிய ஆறுதல். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் எங்களைத் தனித்தனி அறையில் படுக்கச் சொன்னார். ஒட்டாது என்று மருத்துவரையே அவரிடம் சொல்ல வைத்தேன்.

கதிர்வீச்சில் யோனி சுருங்கிவிட்டது, அதை மெல்ல விரிக்க டைலேட்டர் என்ற குழாய் போன்ற கருவி கொடுத்திருக்கிறார்கள். கையில் எடுத்தாலே உடம்பு இறுகிப்போகிறது. பழகியவர்கள் யாராவது எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்களேன்.