கியர்பாக்ஸை இறக்கும் முன்

காலை 7:12

அக்கா: சித்தப்பா, எங்கள் ஆட்டோமேட்டிக் கார் மறுபடியும் படுத்துகிறது. காலையில் முன்னே போக டி (D) போட்டால் மூன்று நான்கு விநாடி அப்படியே நிற்கிறது. அப்புறம் டப்பென்று ஒரு அடி அடித்துப் புறப்படுகிறது.

அக்கா: மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும் என்கிறார். எழுபதாயிரம் வரை ஆகுமாம்.

அம்மா: 2011 வண்டிக்கு இவ்வளவு செலவா? விற்றுவிடுங்கள்.

சித்தப்பா: அண்ணி, கொஞ்சம் பொறுங்கள். பாப்பா, இப்போதைக்கு எதையும் இறக்கச் சொல்லாதே. ஓடும்போது எப்படி இருக்கிறது?

அத்தான்: நேற்று நான்தான் ஓட்டினேன் மாமா. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் சட்டென்று ஏறுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை. பிறகுதான் கியர் பிடிக்கிறது. ரிவர்ஸ் பரவாயில்லை. வளைவில் திரும்பும்போது வழுக்கல் அதிகம்.

சித்தப்பா: வளைவில் அதிகம் என்றால் எனக்குக் கியர் ஆயில் மேல்தான் சந்தேகம். ஆட்டோமேட்டிக்கில் உள்ளே இருக்கும் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதே ஆயில்தான். அளவு குறைந்தால், வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை இழுக்கும். அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும்.

நான்: எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் தேய்ந்தாலும் அப்படி அடிக்குமே சித்தப்பா?

சித்தப்பா: அடிக்கும். நல்ல கேள்வி. ஆனால் மவுண்ட் மட்டும் போயிருந்தால் முள் ஏறாது.

சித்தப்பா: மாப்பிள்ளை, அரை மணி நேரம் ஓட்டிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹேண்ட்பிரேக் போடுங்கள். பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்து, வண்டியின் மேனுவல் புத்தகத்தில் பார்க் (P) என்றிருந்தால் பார்க்கில், நியூட்ரல் (N) என்றிருந்தால் நியூட்ரலில் விடுங்கள். அப்புறம் கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் வைத்துப் படம் அனுப்புங்கள். முகர்ந்தும் பாருங்கள்.

காலை 10:40

அத்தான்: 📷 படம்

அத்தான்: குச்சியில் சூடான ஆயிலுக்கான ஹாட் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது மாமா. ஆறிய ஆயிலுக்கான கோல்டு கோட்டைக்கூடத் தொடவில்லை.

சித்தப்பா: நிறம் பழுப்பு கலந்த சிவப்பு. பழசு, ஆனால் கருகவில்லை. தீய்ந்த வாடை?

அத்தான்: இல்லை.

சித்தப்பா: அப்பாடா. கருத்து, தீய்ந்த வாடையும் அடித்திருந்தால் கிளட்ச் தகடு எரிந்திருக்கும், மெக்கானிக் சொன்னது சரியாகியிருக்கும். பால் கலந்த மாதிரி ரோஸ் நிறமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போயிருக்கும், அது இன்னும் மோசம். இரண்டும் இல்லை. சரி, குறைந்த ஆயில் எங்கே போனது? கியர் ஆயில் எரிந்து தீராது, ஒழுகித்தான் குறையும். ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸ், சக்கர அச்சு கியர்பாக்ஸில் சேரும் இடத்து ஆக்சில் சீல் இரண்டையும் பாருங்கள்.

அத்தான்: ஹோஸ் கிளாம்ப் பக்கம் கசகசவென்று ஈரம். கை வைத்தால் சிவப்பாக ஒட்டுகிறது.

நான்: வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் போட்டேன் சித்தப்பா. பி0733 என்று கோளாறு எண் வருகிறது.

சித்தப்பா: மூன்றாம் கியரின் விகிதம் பொருந்தவில்லை என்கிறது. வழுக்குகிறது என்று சொல்கிறதே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. ஆயில் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டின் கோளாறு எண் ஏதாவது வந்திருந்தால் முதலில் வயரிங்கைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

சித்தப்பா: ஹோஸையும் கிளாம்பையும் மாற்றச் சொல்லுங்கள். மேனுவலில் எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதே வகைதான், கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்றாலும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பாருங்கள். அதிகமானால் நுரைத்துவிடும்.

மாலை 6:25

அக்கா: ஹோஸ் மாற்றியாயிற்று, ஆயிலும் ஊற்றியாயிற்று. டி போட்டதும் புறப்படுகிறது. முள் ஏறவில்லை சித்தப்பா!

சித்தப்பா: சந்தோஷம் மா. இன்னும் ஒரு வேலை. உள்ளே இருப்பது பழைய ஆயில். டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் பாதிகூட வராது, மீதி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்ய வேண்டாம், இவ்வளவு பழைய கியர்பாக்ஸுக்கு அதை நான் விரும்பமாட்டேன்.

அம்மா: அப்படியென்றால் இனி பயமில்லையா?

சித்தப்பா: வழுக்கியபடி ஓடியதால் கிளட்ச் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம் அண்ணி. அதனால்தான் ஒரு மாதம் கவனிக்கச் சொல்கிறேன். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள் மாப்பிள்ளை. முள் மறுபடி ஏறினால் ஸ்கேனரில் வரும் கோளாறு எண்ணை அழிக்காமல் எனக்குப் படம் அனுப்புங்கள். அப்போது ஆயில் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் டெஸ்ட் எடுத்துவிட்டு, இறக்குவதா வேண்டாமா என்று பேசலாம்.

அத்தான்: சரி மாமா 🙏