இல்லினாய் துணை ஆளுநர் தேர்தல்: இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டு எப்போது வந்தது?

வைகைக்கரை:
புதுச்சேரி துணைநிலை ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலோ துணை ஆளுநருக்குத் தேர்தல் வைக்கிறார்கள். இல்லினாயில் ஆளுநருக்கும் துணை ஆளுநருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு என்று ஓரிடத்தில் படித்தேன். 1968இல் இருவரும் வெவ்வேறு கட்சி என்று வேறோர் இடத்தில் இருக்கிறது. எது சரி?

ஏடும்எண்ணும்:
இரண்டும் சரிதான். பழைய அரசியல் சட்டப்படி இரு பதவிக்கும் தனித்தனி ஓட்டு. 1968இல் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் ஓகில்வி ஆளுநர். துணை ஆளுநராக வந்தவர் ஜனநாயகக் கட்சியின் பால் சைமன். 1970இன் புதிய அரசியல் சட்டம் அந்த வழியை அடைத்தது. 1972 முதல் நவம்பர் பொதுத்தேர்தலில் ஜோடிக்கு ஒரே ஓட்டு. மாநில மேலவையான செனட்டுக்குத் தலைமை தாங்கும் வேலையும் துணை ஆளுநரிடமிருந்து போய்விட்டது.

ஆனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் தனித்தனி ஓட்டுதான் தொடர்ந்தது. கோளாறு முழுக்க அங்கேதான். 1972லேயே அது தெரிந்தது: ஆளுநர் பிரைமரியில் பால் சைமனை டான் வாக்கர் தோற்கடித்தார், துணை ஆளுநர் பிரைமரியில் சைமன் அணியின் நீல் ஹார்ட்டிகன் ஜெயித்தார். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் நவம்பரில் ஒரே ஜோடி!

மூன்றாம்வரிசை:
அதன் உச்சம் 1986. ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் மூன்றாம் அட்லாய் ஸ்டீவன்சன், 1982இல் வெறும் 5,074 ஓட்டில் தோற்றவர். மார்ச் 18 பிரைமரியில் துணை ஆளுநர் இடத்துக்குக் கட்சி நிறுத்தியவர் ஜார்ஜ் சாங்மைஸ்டர். ஜெயித்ததோ தீவிரக் கருத்துகள் கொண்ட லிண்டன் லரூஷ் இயக்கத்தைச் சேர்ந்த மார்க் ஃபேர்சைல்ட். இந்தப் பதவிக்குப் பிரசாரமும் குறைவு, செய்தியும் குறைவு. வாக்குச்சீட்டில் கண்ணில் படும் பெயரைப் பார்த்தே அப்போது பலர் ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

அவரோடு நிற்க ஸ்டீவன்சன் மறுத்தார். சுயேச்சையாக நிற்கும் கெடுவோ முடிந்திருந்தது, நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. எனவே ‘சாலிடாரிட்டி’ என்று புதுக் கட்சி தொடங்கி நின்றார். ஜனநாயகக் கட்சி வரிசையில் ஆளுநர் இடம் காலி, கீழே ஃபேர்சைல்ட் பெயர் மட்டும். அப்போது கட்சிக்கு மொத்தமாக ஒரே இடத்தில் ஓட்டுப் போடும் வசதி உண்டு. பழக்கத்தில் அப்படியே போட்டால் அந்த ஓட்டு ஆளில்லாத வரிசைக்குத்தான் போகும். அந்த வரிசைக்கு 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஸ்டீவன்சனுக்குச் சுமார் 40, குடியரசுக் கட்சியின் ஜிம் தாம்சனுக்கு ஏறத்தாழ 53. காலி வரிசை ஓட்டு முழுவதும் ஸ்டீவன்சனுக்கு விழுந்திருந்தாலும் தாம்சனை எட்டியிருக்க முடியாது. அதனால் ‘ஃபேர்சைல்டால்தான் தோற்றார்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். பிரசாரமே குலைந்துபோனது என்பது வேறு விஷயம்.

வைகைக்கரை:
பிரைமரியையும் சேர்த்து வைக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமா?

ஏடும்எண்ணும்:
வேண்டாம். ஐந்தாவது உறுப்பின் 4ஆம் பிரிவிலேயே கூட்டு வேட்புமனுவுக்குச் சட்டமன்றம் சட்டம் செய்யலாம் என்று இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்க 40 வருஷம் ஆயிற்று. 2010 பிப்ரவரி 2 அன்று ஜனநாயகக் கட்சியின் துணை ஆளுநர் பிரைமரியில் ஸ்காட் லீ கோஹன் ஜெயித்தார். அவரது சொந்த வாழ்க்கை பற்றிய வழக்கு விவரங்கள் வெளிவர, சில நாளில் விலகினார். கட்சியின் மாநிலக் குழு அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்தது ஷீலா சைமனை. மேலே சொன்ன பால் சைமனின் மகள். அதே வருஷம் சட்டம் வந்தது. 2014 பிரைமரியிலிருந்து இருவரும் ஒரே மனுவில் சேர்ந்தே நிற்க வேண்டும். வாக்காளருக்கு ஒரே ஓட்டு.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லினாயில் துணை ஆளுநர் பதவி இடையில் காலியானால் நிரப்ப மாட்டார்கள். 2009 ஜனவரியில் ஆளுநர் பிளாகோயெவிச் நீக்கப்பட்டு, துணை ஆளுநர் பாட் குவின் ஆளுநரானார். 2011 ஜனவரி வரை துணை ஆளுநர் நாற்காலி காலிதான்.

மூன்றாம்வரிசை:
காலிஃபோர்னியாவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே நவம்பரிலும் தனித்தனி ஓட்டு. 1978இல் ஜனநாயகக் கட்சியின் ஜெர்ரி பிரவுன் ஆளுநராகவும், குடியரசுக் கட்சியின் மைக் கர்ப் துணை ஆளுநராகவும் வந்தார்கள். ஆளுநர் மாநில எல்லையைத் தாண்டினால் பொறுப்பு துணைக்கு. பிரவுன் வெளியே போயிருந்தபோது கர்ப் ஒரு நீதிபதியை நியமிக்க, பிரவுன் திரும்பி வந்து அதை ரத்து செய்தார். 1979இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், கர்ப்புக்கு நியமிக்கும் அதிகாரம் இருந்தது, நியமனம் உறுதியாவதற்குள் திரும்பப் பெற பிரவுனுக்கும் அதிகாரம் உண்டு என்றது.