நினைவுத் தூணில் முதல் உலகப் போர்ப் பெயர்கள் அழிகின்றன, உதவி தேவை

எங்கள் பகுதிப் போர் வீரர் நினைவுத் தூணில் மூன்று தலைமுறைப் பெயர்கள் உள்ளன. கருங்கல்லில் பொறித்த பிற்காலப் பெயர்களுக்குக் குறையில்லை. 1914–18 போருக்கான வெள்ளைப் பளிங்குப் பலகைதான் சிக்கல். திறந்தவெளியில், மரத்தடியில் இருக்கிறது. யாரோ நல்லெண்ணத்தில் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். பளிங்கு கால்சியம் கார்பனேட், ஆசிட்டில் கரையும். அடுத்த மழைக்காலத்திலேயே மேற்பரப்பு சர்க்கரை மாதிரிப் பொடிய ஆரம்பித்தது. கீழ் வரிசைப் பெயர்கள் தடவிப் பார்த்தாலும் புலப்படவில்லை.

வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு பாசியை எடுத்தோம். இரவில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்ததில் சில எழுத்துகள் தெரிந்தன. அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (உலகப் போர்களில் இறந்த வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்கும் அமைப்பு) பட்டியலையும் பார்த்தோம்: அதில் இறந்தவர்கள் மட்டும்தான், எங்கள் பலகையில் இருக்கும் ஊர் திரும்பியவர்கள் இல்லை. புதிதாகச் செதுக்கலாம் என்கிறார்கள். பெயரே தெரியாமல் எதைச் செதுக்குவது?

கல்லை மேலும் கெடுக்காமல் அந்தப் பெயர்களைப் படிக்க வேறு என்ன வழி இருக்கிறது?