புதுப்பிப்பு: சிஐடி திரும்பி வந்துவிட்டது!

2018 அக்டோபரில் சோனி டிவி தன் இந்தி துப்பறியும் தொடரான 'சிஐடி'யை நிறுத்தியபோது, தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் எல்லோரும் குரல் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அன்று யாரும் மசியவில்லை. 1998-இல் தொடங்கி 1,500 அத்தியாயங்களைத் தாண்டிய தொடர் அப்படியே நின்றுபோனது.

ஆனால் 2024 டிசம்பர் 21 அன்று மறுபடியும் ஒளிபரப்பு தொடங்கியது! சிவாஜி சாட்டம், ஆதித்யா ஸ்ரீவஸ்தவா (அபிஜீத்), தயானந்த் ஷெட்டி (தயா) மூவரும் திரும்பி வந்தார்கள். அவர்கள் இல்லாமல் வந்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன். முன்னோட்டத்தில் அபிஜீத்தே தயாவைச் சுடுவதைப் பார்த்து மனசு பதறிவிட்டது.

ஒரே குறை, ஃப்ரெட்ரிக்ஸாக நடித்த தினேஷ் ஃபட்னிஸ். 2023 டிசம்பரில் காலமாகிவிட்டார். அவரும் இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், அன்று கூடவே குரல் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. இந்த முறை முதல் அத்தியாயத்திலிருந்தே விடாமல் பாருங்கள்.