மாங்காய் சீசன் முடிந்து கிடைத்த மூன்று நாள்: ஏற்காடா, ஏலகிரியா, கொடைக்கானலா?

காவேரிப்பட்டணம் மருமகள்:
எங்களுக்கு கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி. சித்திரை பிறந்தால் ஆடி வரை வீட்டுக்காரருக்கு ராத்திரி பகல் கிடையாது. பெங்களூரா ரக மாங்காய் லோடு மாம்பழக்கூழ் ஆலையில் இறங்கும்வரை சாப்பாடுகூட மண்டிக்குத்தான் போகும். ஊரே மலையேறும் மே மாதத்தில் நாங்கள் எங்கேயும் போனதில்லை. இந்த ஆவணியில் மூன்று நாள் கிடைத்திருக்கிறது.

ஒரு மலையூர், அதில் ஓர் ஏரி, கரையில் உட்கார ஓர் இடம். இது போதும். நாலு வருடம் முன்பு வேனில் ஊட்டி போனோம். ஒரே நாளில் எட்டு இடம் சுற்றினார்கள். ஏரிக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அத்தை வண்டியை விட்டே இறங்கவில்லை. அது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி. சமதளத்தில் அரை மணி நேரம் மெதுவாக நடப்பார், மேடு முடியாது. பையனுக்கு எட்டு வயது. தொப்பூர் கணவாய் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். எந்த ஊர் சரியாக வரும்?

தருமபுரி வாத்தியார்:
அம்மா, நான் ஏற்காட்டுக்கு வருடம் ஒருமுறையாவது போகிறவன். சுமார் 1,500 மீட்டர் உயரம், காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, காலையில் பனிமூட்டம். ஊர் பெயரிலேயே ஏரியும் காடும் இருக்கிறது. ஏரி ஊர் நடுவிலேயே இருப்பதால் அதைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பேரையும் நினைத்துப் பார்த்தேன். சேலம் பக்கமிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. அதற்கு முன்னாலேயே தொப்பூர் இருக்கிறது. பையன் பாவம். ஊருக்குள்ளும் ஏற்ற இறக்கம்தான். நிறைய விடுதிகள் சரிவில் இருக்கின்றன. அறை எடுத்தால் "ஏரி தெரியுமா" என்று கேட்காதீர்கள், "ஏரிக்கு நடந்து வர எத்தனை படி, எவ்வளவு மேடு" என்று கேளுங்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன் போனால் அதே ஊர் வேறு ஊர் மாதிரி இருக்கும்.

மலைக்காற்று:
ஏரிக்கரையில் நடப்பதுதான் ஆசை என்றால் கொடைக்கானலை விட்டுவிடாதீர்கள், அக்கா. 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி முயன்று உருவாக்கிய ஏரி அது. சுற்றிலும் சாலை, ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமமாகவே இருக்கும். வாடகை சைக்கிளும் கிடைக்கும். அத்தை முடிந்தவரை நடந்துவிட்டு உட்காரலாம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக ஒரு பகல் முழுக்க வண்டியில்தான். மூன்று நாளில் இரண்டு நாள் சாலையிலேயே போய்விடும். 2,100 மீட்டர் உயரம், குளிர் முழங்காலைப் பிடிக்கும். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போகும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், அதையும் மறக்காதீர்கள். ஐந்து நாள் கிடைக்கும் வருடத்தில் அவசியம் போங்கள்.

பர்கூர்க்காரன்:
பக்கத்திலேயே ஏலகிரியை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு யோசனை? பர்கூர், நாட்றம்பள்ளி, பொன்னேரி வழியாக இரண்டு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். உயரம் 1,100 மீட்டர்தான். பெரிய குளிர் இல்லை, அத்தைக்கு ஒரு சால்வை போதும். வளைவு 14. மேலே போய்விட்டால் பெரும்பாலும் சமதளம், நிலமும் பலாமரமுமாக ஒரு கிராமம் போலத்தான் இருக்கும். புங்கனூர் ஏரி சின்னது, செயற்கை ஏரி. மிதிபடகு, துடுப்புப் படகு உண்டு. இரண்டு மணி நேரத்தில் எல்லாம் பார்த்து முடித்துவிடலாம், அதனால்தான் பலர் "ஒன்றுமில்லை" என்று இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் கேட்பதே அந்த ஒன்றுமில்லாததைத்தானே?

பையனுக்கு ஒரு யோசனை. வளைவுக்கு வளைவு புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முன் சீட்டில் உட்கார வைத்து, வெளியே பார்த்துப் பெயர் படிக்கச் சொல்லுங்கள். என் மகளுக்கு இது வேலை செய்தது. வெறும் வயிற்றிலும் ஏற்ற வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஏறுங்கள்.

காவேரிப்பட்டணம் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. ஏலகிரிதான் போனோம், நேற்று திரும்பினோம். வாத்தியார் ஐயா சொன்னபடி போனில் படியும் மேடும் கேட்டேன். ஒரு விடுதியில் பதினெட்டுப் படி என்றார்கள், விட்டுவிட்டேன். அடுத்ததில் வாசலிலிருந்து ஏரி வரை சம ரோடு.

பையன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பெயர் பலகைகளைக் கத்திக் கத்திப் படித்தான். அதியமான் வந்ததும் "நம்ம பக்கத்து ராஜாம்மா!" என்று துள்ளினான். ஏறும்போது வாந்தியே இல்லை. இறங்கும்போது ஒரு தடவை எடுத்தான், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தூறல். எழுந்திருங்கள் என்று சொல்லப் போனேன். அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் காலை வைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "படகுக்காரன் கயிறு கட்டட்டும், அப்புறம் போவோம்" என்றார். வீட்டுக்காரர் போனை அறையிலேயே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் கிளம்பும்போது விளக்கு போட்டுவிட்டார்கள்.