வன்னிப் பாடசாலையில் கடினபந்து கிரிக்கெட் தொடங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வன்னிவாத்தி:

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மைதானம் பெரிது, பாதி புல்லும் பாதி கிரவலுமாகக் கிடக்கிறது. பின்னேரம் வந்து பார்த்தால் ஆறாம் ஆண்டுப் பெடியனிலிருந்து உயர்தரம் படிக்கிறவன் வரை அதில்தான் நிற்பான், எல்லாம் மென்பந்து (டென்னிஸ் பந்து) கிரிக்கெட். அதில் சிலருடைய கை வேகத்தையும் கண்ணையும் பார்க்கும்போது, இவர்களுக்கு ஒழுங்காக ஒருவர் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு தூரம் போவார்கள் என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் கடினபந்தைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைகளே எங்களிடம் மிகக் குறைவு.

இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. அதிபர் சம்மதம். கனடாவில் இருக்கும் ஒரு பழைய மாணவர் செலவில் பெரும்பகுதியைத் தருவதாகச் சொல்கிறார். அவருடைய விருப்பம், நேராக 19 வயதுக்குட்பட்ட அணி ஒன்றை உருவாக்கி, பக்கத்துப் பாடசாலையுடன் வருடாவருடம் ஒரு பெரும் போட்டி, யாழ்ப்பாணத்தில் நடப்பதுபோல பாண்ட் வாத்தியம், கொடி எல்லாம் வைத்து. எனக்கு 13 வயதுக்குட்பட்டவர்களோடு தொடங்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நான் கிரிக்கெட் விளையாடி வந்தவன் இல்லை, அவரிடம் எடுத்துச் சொல்ல என்னிடம் காரணம் போதவில்லை.

எது முதலில்? ஆடுகளத்துக்கு என்ன செய்வது? பெற்றோர் ரியூசனைக் காட்டி மறிப்பார்கள், அதற்கு என்ன சொல்வது? கையில் உள்ள காசை எதில் போட்டால் வீணாகாது? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

மற்றிங்காரன்:

வாத்தியார், உங்கள் எண்ணம்தான் சரி. 19 வயது அணியோடு தொடங்காதீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணியில் விளையாடி, இப்போது சின்னப் பெடியளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மென்பந்தில் பத்து வருடம் ஊறிய 17 வயதுப் பெடியனுக்கு எல்லாப் பந்தையும் குறுக்காகச் சுழற்றி அடிக்கத்தான் தெரியும். மென்பந்து அதற்கு இடம் கொடுக்கும், பட்டாலும் நோகாது. கடினபந்து 156 முதல் 163 கிராம் வரை நிறை, அது விலாவில் ஒருதரம் பட்டால் அடுத்த பந்துக்கு அவனுடைய கால் தானாகவே பந்தை விட்டு விலகி லெக் பக்கம் ஓடும். அந்தப் பயத்தை அந்த வயதில் எடுப்பது மிகக் கஷ்டம். அப்படியான ஒரு அணியைக் கொண்டுபோய்ப் பழக்கமான பாடசாலையுடன் விட்டால் 40 ஓட்டத்துக்குள் சுருண்டு வரும், அடுத்த கிழமை பயிற்சிக்குப் பாதிப் பேர்கூட வரமாட்டார்கள். 13 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று சின்னப் பந்து இருக்கிறது, 133 முதல் 144 கிராம். பெரிய பந்தை அவர்கள் கையில் கொடுக்கவே கூடாது, விரல் பிடிக்காமல் கையை மடக்கி எறியத் தொடங்குவார்கள்.

பெற்றோர் விஷயத்திலும் இந்த வயதுதான் வாய்ப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடிந்துவிட்டது, சாதாரண தரத்துக்கு இன்னும் காலம் கிடக்கிறது. ஆறாம், ஏழாம், எட்டாம் ஆண்டில்தான் வீட்டில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். அந்த மூன்று வருடத்தில் பிள்ளை ஒழுங்காகப் பழகி, படிப்பும் குழம்பவில்லை என்று தாய் தகப்பன் கண்ணால் கண்டால், பத்தாம் ஆண்டில் மறிக்கமாட்டார்கள். அதுவரை வாரத்தில் மூன்று பின்னேரம் போதும், அந்த நாட்களில் ரியூசன் இல்லாத மாதிரி நேரத்தைப் பார்த்து வையுங்கள்.

கனடா அண்ணைக்கு இதைச் சொல்லுங்கள். யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' என்ற கிரிக்கெட் போட்டியை அவர் மனதில் வைத்திருக்கிறார் போலத் தெரிகிறது. அந்த மூன்று நாளும்தான் வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் 13, 15, 17 வயது அணிகள் வருடம் முழுக்க வெயிலில் நிற்கின்றன. மத்திய கல்லூரியில் பழகிய வியாஸ்காந்த் 2020இல் இலங்கையின் எல்.பி.எல். போட்டிக்குள் வந்து அஞ்சலோ மத்யூஸை முதல் விக்கெட்டாக எடுத்தான், 2024இல் ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்கு விளையாடினான். அவன் வீசுகிற லெக் ஸ்பின் எல்லாம் 17 வயதில் தொடங்கிப் பிடிக்கிற வித்தை கிடையாது. சின்ன வயதிலேயே மணிக்கட்டு பழக வேண்டும்.

ஆடுகளம்: புல் ஆடுகளத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்குக் களிமண், ரோலர், தண்ணீர், அதையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள், எல்லாம் வேண்டும். விதிப்படி செயற்கை ஆடுகளம் குறைந்தது 58 அடி நீளமும் 6 அடி அகலமும் இருந்தால் போதும். கொங்கிரீட் போட்டு மேலே மற்றிங் (ஆடுகள விரிப்பு) விரியுங்கள். மேசனிடம் இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தண்ணீர் நிற்காமல் வழிய மெல்லிய சரிவு வேண்டும், கொங்கிரீட் விளிம்பு பக்கத்து மண்ணோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். விளிம்பு மேலே நின்றால் பந்து வீசிவிட்டு ஓடி வருகிறவனுக்குக் கணுக்கால் போய்விடும். மாரி மழைக்கு முன்னர் மற்றிங்கைச் சுருட்டி உள்ளே வையுங்கள், ஈரத்தோடு சுருட்டினால் உக்கிவிடும்.

கரப்பந்து_பிரியன்:

நான் எதிர்ப்பக்கம் நின்று கதைக்கிறேன், கோபிக்க வேண்டாம். முல்லைத்தீவுப் பக்கம் விளையாட்டோடு நீண்ட காலம் திரிந்தவன் நான். கரப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் இரண்டு கம்பமும் போதும், பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வியர்க்க வியர்க்க விளையாடலாம். இலங்கையின் தேசிய விளையாட்டும் அதுதான், 1991இலேயே அறிவித்துவிட்டார்கள். கடினபந்தில் ஒருவன் அடிப்பான், ஒருவன் வீசுவான், மற்றவன் தூரத்தில் எல்லைக்கோட்டுப் பக்கம், டீப் தேர்ட் மேனில் நின்று கொக்குப் பார்ப்பான். சைக்கிளில் தூரம் வந்து, வீட்டுக்குப் போய் மாட்டைக் கட்ட வேண்டிய பிள்ளைக்கு அந்தப் பின்னேரம் பெரிய செலவு.

காசு விஷயம் இன்னும் மோசம். கால் காப்பு (பாட்), கிளவுஸ், தலைக்கவசம், மட்டை என்று ஒவ்வொன்றும் விலை. நான் நேரில் பார்த்த ஒரு பாடசாலையில் சொந்த மட்டை வைத்திருந்த பெடியளுக்குத்தான் வலையில் முதலிடம், பிறகு அவர்களே அணியிலும் முதலிடம். கூலி வேலை செய்கிறவரின் மகன் ஒருவன் அங்கே நல்ல வேகமாக வீசுவான், சப்பாத்து இல்லாத ஒரே காரணத்தால் விட்டுவிட்டுப் போனான். கிரிக்கெட் வரட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாச் சாமானும் பாடசாலைச் சொத்தாக இருக்க வேண்டும், ஒரு பிள்ளையும் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே எழுதி வையுங்கள். அப்புறம் இருக்கிற கரப்பந்து வலையைக் கழற்றி அந்த இடத்தில் மற்றிங் போடாதீர்கள், அது நடந்தால் நானே வந்து சண்டை பிடிப்பேன்.

மற்றிங்காரன்:

சாமான் எல்லாம் பாடசாலையுடையதாக இருக்க வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு சரி அண்ணை. ஒருவன் சும்மா நிற்கிறான் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்: 13 வயதில் பதினொரு பேர் ஆட்டமே தேவையில்லை. ஆறு பேர் ஆட்டம், ஜோடி ஜோடியாகத் துடுப்பாட்டம், ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று ஓவர். அவுட் ஆனாலும் வெளியே போகத் தேவையில்லை, ஓட்டத்தை மட்டும் குறையுங்கள். எல்லோரும் ஒரு ஓவர் வீசியே ஆக வேண்டும். ஒரு பிள்ளையும் கொக்குப் பார்க்காது.

சேலத்துப் பந்து:

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், உங்கள் ஊர் நிலைமை முழுதாகத் தெரியாது. ஆனால் இந்த டென்னிஸ் பால் கதை எங்களுக்கும் அப்படியேதான்.

எங்கள் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனை எல்லோருக்கும் தெரியும். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பால்தான். அதற்குப் பிறகு சென்னை லீக், ரஞ்சி, ஐ.பி.எல். என்று போய், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகம் ஆனார். இதைச் சொல்லி "பாத்தியா, ஸ்கூல்ல கோச்சிங் இல்லாமலே வரலாம்" என்பார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. 2015இல் ரஞ்சிக்கு வந்தவுடனேயே அவர் பந்துவீசும் முறை மீது புகார் எழுந்தது, அதைத் திருத்தி மறுபடி வர எவ்வளவு பாடுபட்டார். பன்னிரண்டு வயதில் பள்ளியில் ஒரு கோச் பார்த்திருந்தால் அப்போதே சரியாகியிருக்கும். அவருக்கு ஊரில் ஒரு அண்ணன் போல வழிகாட்டி கிடைத்தார், திரும்பி வந்தார். அப்படி யாரும் கிடைக்காமல் கிராமத்து டோர்னமென்ட்டோடு நின்றுபோன பையன்கள் எத்தனை பேர் என்று எங்கள் தாலுகாவில் வந்து பாருங்கள், மனசு ஆறாது. நடராஜன் சொந்த ஊரிலேயே மைதானம் கட்டியது சும்மா இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டென்னிஸ் பாலில் வந்த திறமையை அடித்து அழித்துவிடாதீர்கள். உங்கள் வேகப்பந்து வீச்சாளர் மாலிங்காவே காலிப் பக்கம் ரத்கமையில் கடற்கரையில் மென்பந்து ஆடி வளர்ந்தவர்தானே. கோச் சம்பக்க ராமநாயக்க அவரைப் பார்த்தபோது அந்தத் தோள் உயர வீச்சை மாற்றாமல் விட்டார். கை வளைந்து எறிவதைத் திருத்த வேண்டும், ஆனால் விதிக்கு உட்பட்டுக் கொஞ்சம் விசித்திரமாக வீசினால் அப்படியே விடுங்கள்.

ரீச்சர்_வவுனியா:

நான் உடற்கல்வி ஆசிரியை. இவ்வளவு நேரமும் எல்லோரும் பெடியன், பெடியன் என்றே எழுதியிருக்கிறீர்கள். வாத்தியார், உங்கள் பாடசாலை கலவன் பாடசாலை என்றால் முதல் நாளிலிருந்தே பெண்பிள்ளைகளையும் சேருங்கள். "பிறகு பார்ப்போம்" என்று விட்ட இடத்தில் பிறகு ஒருபோதும் வராது, அதை நான் பல இடத்தில் கண்டுவிட்டேன்.

13 வயதில் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அந்த ஆறு பேர் ஆட்டத்தைக் கலந்தே விளையாடலாம். இலங்கை வீராங்கனை சமரி அத்தபத்து 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178 அடித்ததை என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன், 2024இல் தம்புள்ளையில் எங்கள் பெண்கள் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்ததை அவர்கள் தாங்களாகவே பார்த்துவிட்டு வந்து கதை சொன்னார்கள். பெற்றோர் மறிப்பது பெரும்பாலும் விளையாட்டுக்காக இல்லை, இருட்டுப்பட்டு வீடு வருவதற்கும் உடுப்புக்கும்தான். நீளக் காற்சட்டையும் முழுக்கை சேர்ட்டும்தானே கிரிக்கெட் உடுப்பு, அதைக் காட்டினேன், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஐந்தரைக்கு மேல் பயிற்சி வைக்காதீர்கள். உடுப்பு மாற்ற ஒரு அறை, பூட்டோடு. இதைக் கனடா அண்ணையின் செலவுக் கணக்கில் மற்றிங்குக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள்.

வன்னிவாத்தி:

எல்லோருக்கும் நன்றி, நேற்று இரவு இதெல்லாவற்றையும் அதிபருக்கு வாசித்துக் காட்டினேன். கலவன் பாடசாலைதான் ரீச்சர், பெண்பிள்ளைகளையும் சேர்ப்பது என்று முடிவு. கரப்பந்து வலை இருக்கிற இடத்திலேயே இருக்கும், மற்றிங் கிரவல் பக்கம் வரும். அறைக்கு விஞ்ஞானகூடத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தைத் துப்புரவாக்கித் தரலாம் என்றார்.

கனடா அண்ணையோடும் கதைத்தேன். 13 வயது என்றதும் முதலில் குரல் இறங்கியது, பிறகு அந்த எறிகிற பழக்கம், நடராஜன் கதை எல்லாம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். "பெரும் போட்டி எப்ப?" என்றார். இந்தப் பிள்ளைகள் உயர்தரம் வரும்போது என்று சொன்னேன். சரி என்றார்.

இப்போது ஒரே சிக்கல், பயிற்றுநர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரை வாரம் மூன்று நாள் வரவழைத்தால் போக்குவரத்தும் சம்பளமுமாகக் காசு ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

மற்றிங்காரன்:

அப்படிச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து ஒருவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வரட்டும், மற்ற நாட்களில் பாடசாலைக்குள்ளேயே ஒருவர் நிற்க வேண்டும். உங்கள் உடற்கல்வி ஆசிரியரையோ, ஆர்வமுள்ள இளம் ஆசிரியர் ஒருவரையோ ஆரம்பநிலைப் பயிற்றுநர் பாடநெறிக்கு அனுப்புங்கள், காசை அதில் போடுங்கள். நாளும் பிள்ளையைப் பார்க்கிற கண்தான் முக்கியம். முரளிதரன் கட்டுகஸ்தோட்டை சென் அன்ரனீஸ் கல்லூரியில் மிதவேகம் வீசிக்கொண்டிருந்தவர். 14 வயதில் ஓஃப் ஸ்பின் (சுழல்பந்து) போட்டுப் பார் என்று சொன்னது அந்தப் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 800 டெஸ்ட் விக்கெட்டும் அதற்குப் பிறகு வந்தவைதான். மாதத்தில் இரண்டு நாள் வருகிறவருக்கு அப்படி ஒன்று கண்ணில் படுவது கடினம்.

நீங்கள் விளையாடி வந்தவர் இல்லை என்று ஒதுங்க வேண்டாம் வாத்தியார். ஓட்டப்புத்தகம் எழுதுவதை உங்கள் பிள்ளைகளில் நாலு பேருக்குப் பழக்குங்கள், நடுவர் சைகைகளையும் விதிகளையும் நீங்களே படித்துச் சொல்லிக்கொடுங்கள். அணியில் இடம் கிடைக்காத பிள்ளையும் அதில் நிற்கும்.

மற்றிங் போட்டு முடிந்ததும் ஒரு தகவல் தாருங்கள். எங்கள் 13 வயதுப் பெடியளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அணிக்கு 20 ஓவர், சின்னப் பந்து, கால் காப்பும் தலைக்கவசமும் நாங்களே மேலதிகமாகக் கொண்டுவருவோம். மத்தியானச் சாப்பாடு மட்டும் உங்கள் பக்கம்.