190 பக்கப் பிடிஎஃப்பில் அவரவர் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை)க் கண்டுபிடிக்க வழி செய்வது எப்படி?

தோட்டத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலரைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கிள்ளானுக்கும் ஜோகூருக்கும் போய்விட்ட குடும்பங்கள் ஆவலாகக் காத்திருக்கின்றன. எடுத்தவுடன் தேடப்போவது தங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு), தங்கள் லயம், தாத்தா பாட்டி படம். ஆனால் பொருளடக்கத்தைத் தொட்டால் எங்கும் போகவில்லை. அதில் 74 என்றிருப்பது கைப்பேசியில் 80ஆம் பக்கமாக வருகிறது. வயதானவர்கள் விரலால் தள்ளித் தள்ளியே ஓய்ந்துவிடுவார்கள். வேர்டு கோப்பு கையில் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

அச்சுக்கூடத்தான் (ஈப்போ):
தலைப்பைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பு என்று வேர்டுக்குத் தெரியாது. ஸ்டைல்ஸில் போய்ப் பெரிய தலைப்புக்கு ஹெடிங் 1, உள்தலைப்புக்கு ஹெடிங் 2 கொடுங்கள். அப்புறம் ரெஃபரன்சஸில் போய்ப் பொருளடக்கத்தைச் செருகினால் ஒவ்வொரு வரியும் இணைப்பாகிவிடும். சேவ் ஆஸ் வழியாகப் பிடிஎஃப் எடுங்கள். ஆப்ஷன்ஸில் ஹெடிங்குகளைப் புக்மார்க் (பிடிஎஃப்பின் ஓரப் பட்டையில் தொட்டுப் போகும் தலைப்புப் பட்டியல்) ஆக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். பிரிண்ட் வழியாக மட்டும் எடுக்க வேண்டாம், இணைப்பெல்லாம் அறுந்துபோகும். அட்டையையே 1ஆம் பக்கமாக எண்ணிவிட்டால் பக்கக் குழப்பமும் தீரும்.

கணினி டீச்சர்:
அதற்கு முன்னால் எழுத்துருவைப் பாருங்கள் தம்பி. ஒரு தலைப்பை லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். கிறுக்கலாக மாறினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. பக்கத்தில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான். ‘ம்’ என்பது ஒரு ‘கே’யும் அரைப்புள்ளியும். புக்மார்க் பட்டையில் அப்படியேதான் வரும். தமிழில் தட்டித் தேடினாலும் எதுவும் சிக்காது. முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறைக்கு, மாற்றுங்கள். ரோமன் எழுத்தில் இருக்கும் மலாய்ப் பெயர்களை எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டால் அவையும் உருக்குலையும், அவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
பாமினிதான் டீச்சர்! இன்றே மாற்றத் தொடங்குகிறேன். இன்னொன்று: தலைப்புகள் ‘நினைவலைகள்’, ‘கடந்து வந்த பாதை’ என்றே இருக்கின்றன. அப்படியே விடலாமா?

கிராணி வீட்டு மகள்:
தயவுசெய்து விடாதீர்கள் தம்பி. எனக்கு இதில்தான் மனசு அடித்துக்கொள்கிறது. ‘கடந்து வந்த பாதை’யைத் தொட்டால் தன் அப்பா படம் வரும் என்று ஜோகூரில் இருக்கும் அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஜனங்கள் வாயில் இருக்கும் பெயரை வையுங்கள்: ‘இரண்டாம் டிவிசன், ஆயாக்கொட்டகைப் பக்கத்து லயம்’. மலர்க்குழுவினர் வருத்தப்பட்டால் அவர்கள் தலைப்பு மேலே இருக்கட்டும், இதை அதன் கீழே ஹெடிங் 2 ஆக்குங்கள். பொருளடக்கத்தில் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். நெருக்கி வைத்தால் பெரியவர்கள் விரல் அடுத்த லயத்தில் போய் விழும். ஒவ்வொரு பகுதி முடிவிலும் ‘பொருளடக்கத்துக்குத் திரும்ப’ என்று ஓர் இணைப்பும் வேண்டும். புக்மார்க் பட்டையை நம்பி இதை விட்டுவிடாதீர்கள், கைப்பேசியில் அதைத் தேடித் திறக்கப் பலருக்குத் தெரியாது. அனுப்பும் முன் கோயிலில் ஒரு பாட்டியிடம் கொடுத்து, “உங்க லயத்தைக் காட்டுங்க பாட்டி” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்தத் தலைப்பைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.